ஆளைப் பார்த்து ஒதுக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்றால், "படிக்காத மீனவரின் கதை" என்று ஒதுக்குகிறார்களே, சரியா? (வாசகர், கல்லடி)

பதில்: சரியில்லை. சொன்னவரின் படிப்பைக் குறைசொன்னால் சொன்ன சங்கதி பொய்யாகிவிடாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியிலிருந்து இசை போன்ற ஒலி எழுவதாகக் கேள்விப்பட்டு, இரவில் மீனவரோடு படகேறினார். தண்ணீருக்கடியிலிருந்து மெல்லிய நாதம் வந்தது. படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓங்கிக் கேட்டது. ஒலிப்பது மீனல்ல, ஒருவகை நத்தையினம் என்றார்கள் மீனவர்கள். அவர்கள் காட்டிய உயிரினங்களின் பெயர்களையும் அவர் நூலில் பதிந்தார்.

இந்த வாதத்தை மீனவரை விட்டு டெனென்ட் பக்கம் திருப்பினாலும் பிழைதான். அதே 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை அரசு கொடூரமாக அடக்கியது. ஆளுநர் டொரிங்டனோடு டெனென்டும் லண்டனில் விசாரணைக்கு உள்ளானார். "அந்த ஆள் எழுதியதை நம்பலாமா?" என்று கேட்டால், அவருடைய அரசியலுக்கு அது பொருந்தலாம். வாவியின் ஒலிக்கு என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரர் எழுதியதாலேயே உண்மை என்பதும் இதே ரகம்.

ஒருவரின் சாட்சியம் மட்டுமே ஆதாரமாக இருக்கும்போது அவருடைய நம்பகத்தன்மையை விசாரிப்பது நியாயம். இங்கே வாவியே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, கதை என்று ஒதுக்குகிறவர்களோடு வாதாடுங்கள்.