பேருந்தும் கால அட்டவணையும்

பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் காத்திருந்தபின், ஒரே எண்ணுள்ள இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுண்டு. ஓட்டுநர்கள் அலட்சியமாக இருந்ததே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மைக் காரணம் வேறு.

பத்து நிமிடத்திற்கு ஒரு பேருந்து புறப்படுகிறது என வைத்துக்கொள்வோம். முதல் பேருந்து சாலை நெரிசலால் சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் பயணிகள் அதிகமாகக் கூடிவிடுகின்றனர். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் பேருந்து மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்திலோ ஏறுவோர் குறைவு. எனவே, அது விரைந்து வந்து முதல் பேருந்தை எட்டிவிடுகிறது. பேருந்துகள் சீரான இடைவெளியில் வந்தால் பயணி சராசரியாக ஐந்து நிமிடமே காத்திருப்பார். இரண்டிரண்டாக வந்தால் பத்து நிமிடம் காத்திருக்க நேரிடும். பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. பயணியின் நேரம்தான் வீணாகிறது.

பேருந்துச் சேவையை மேம்படுத்தச் சிங்கப்பூர் பல முயற்சிகளை மேற்கொண்டது. 1960களில் இங்குப் பல நிறுவனங்கள் பேருந்துகளை இயக்கின. அவை 1971இல் மூன்றாகவும் 1973இல் ஒன்றாகவும் இணைக்கப்பட்டன. 2014இல், பேருந்துச் சேவைகளின் நம்பகத்தன்மையை அளவிடும் திட்டம் தொடங்கியது. அடிக்கடி வரும் சேவைகளில், பயணிகள் கூடுதலாகக் காத்திருக்கும் நேரம் கணக்கிடப்பட்டது. நீண்ட இடைவெளியில் வரும் சேவைகளில், அட்டவணைப்படி பேருந்து வருகிறதா என்று பார்க்கப்பட்டது. சிறப்பாகச் செயல்பட்டால் ஊக்கத்தொகை; தவறினால் அபராதம்.

2016இல் ஒப்பந்த முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பயணக் கட்டணம் அரசாங்கத்தைச் சேரும். சேவையை வழங்குவதற்காக நிறுவனங்களுக்குத் தனியே பணம் வழங்கப்படும். பயணிகள் குறைவாக உள்ள வட்டாரத்திலும் உச்ச நேரத்தில் 15 நிமிடத்திற்குள் ஒரு பேருந்து வரவேண்டும்.

ஆயினும், அட்டவணையை அச்சிட்டால் மட்டும் போதாது. அதைச் சாலையில் கடைப்பிடிக்க வேண்டும். அதனால், முன்னால் செல்லும் பேருந்தை நெருங்கிவிட்ட ஓட்டுநர், சில வேளைகளில் ஒரு நிறுத்தத்தில் வேண்டுமென்றே சற்று நேரம் நிற்கிறார். உள்ளே அமர்ந்திருப்போர் பொறுமை இழந்து முணுமுணுக்கின்றனர். பேருந்து இரண்டு நிமிடம் முன்னதாகச் சென்றுவிட்டால், அடுத்த நிறுத்தத்திற்குச் சரியான நேரத்தில் வரும் மாணவர் அதைத் தவறவிடுவார். ஓட்டுநர் காத்திருப்பது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பயணிக்காகத்தான்.