கழிவு நீரில் கலந்த மருந்தும், கழித்துப் போட்ட சிரட்டையும்



சிறு வயதில் நாம் மதரஸாவில் ஓதிய நாட்களில், தண்ணீரைப் பற்றிய பாடம் வந்தபோது உஸ்தாது அவர்கள் மூன்று விரல்களை மடக்கிக் காட்டினார்கள். நிறம், மணம், ருசி ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். இன்றும் ஹவுதில் ஒளுச் செய்யக் குனியும்போது நம் கண்ணும் மூக்கும் தாமாகவே அந்தச் சோதனையைச் செய்துவிடுகின்றன. ஆனால் இம்மூன்றில் ஒன்றையும் மாற்றாமலே நீரில் கலந்து நிற்கும் பொருள்கள் இக்காலத்தில் உண்டு. ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்து அவற்றுள் ஒன்று. இதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள். உடல் நலத்தையும் ஊர் நலத்தையும் பற்றிய பகுதியை மட்டும், நாம் கேட்டும் படித்தும் அறிந்தவாறு இங்கே எழுதுகிறோம்.

எழுத நேர்ந்த காரணம்

நமது வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு, சர்க்கரை வியாதியால் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் போயிற்று. முதலில் கொடுத்த மருந்து பிடிக்கவில்லை; இரண்டாவதும் பிடிக்கவில்லை. மூன்றாவது மருந்தை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியே ஏற்றிய பிறகுதான், அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. அந்தக் கிருமி பழைய மருந்துகளுக்குப் பழகிப் போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். அந்த வாரமே நமது கடைக் கல்லாப் பெட்டியின் அடியில் கிடந்த மீதி மாத்திரைகளைக் கண்டோம். சென்ற தடவை அப்படிக் கிடந்தவற்றை என்ன செய்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. கடைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கொட்டியிருந்தோம்! புந்தோங் கால்வாய்களின் நீர் கிந்தா ஆற்றுக்கும், அங்கிருந்து பேராக் ஆற்றுக்கும் போகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே இப்பாடத்தை முதலில் நமக்கே சொல்லிக் கொள்கிறோம்.

மருந்து நீருக்கு வரும் வழி

நாம் விழுங்கும் பல கிருமிக்கொல்லி மருந்துகளில் ஒரு பெரும் பங்கு உடலில் கரைந்து தீராமல் சிறுநீர் வழியே அப்படியே வெளியேறிவிடுகிறது. கோழி, மீன், பன்றிப் பண்ணைகளிலிருந்தும், ஆஸ்பத்திரிகளிலிருந்தும், மருந்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் மேலும் வருகிறது. ஊர்க் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் அழுக்கையும் மிதக்கும் பொருள்களையும் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்தை எடுப்பது அவற்றின் முதல் நோக்கமன்று. ஆதலால் ஒரு பகுதி தப்பி ஆற்றில் சேருகிறது. அங்கே கொல்லாத அளவில் மருந்தைச் சந்திக்கும் கிருமிகளுள் தாங்கக் கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அது மட்டுமன்று, தாங்கும் சக்தியை ஒரு கிருமி மற்றொன்றுக்குக் கொடுக்கவும் வல்லது.

1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

பட்டாஞ்சேரு தந்த படிப்பினை

ஹைதராபாத்துக்கு அருகில் பட்டாஞ்சேரு என்னும் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு நீரைப் பெற்றுச் சுத்தம் செய்து வந்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை, சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் யோவாக்கிம் லார்சன் குழுவினர் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் எப்படியோ அப்படி! அம்மருந்தை உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரு நாளில் வெளியேறிய அளவு சுமார் 45 கிலோ என்றும், 90 இலட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் முழுவதும் ஐந்து நாட்களில் உண்ணும் அளவுக்கு அது சமம் என்றும் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் அது சுத்தம் செய்து விடப்பட்ட நீர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கிருமிக்கொல்லி மருந்து செய்யும் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் தனியாக வழிகாட்டி நூல் வெளியிட்டது 2024 செப்டம்பரில்தான்.

கரி செய்யும் வேலை

இனி மருந்தை எடுக்கும் வழியைப் பார்ப்போம். சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டால் கரியாகிறது. அக்கரியை மேலும் 800, 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திப் பக்குவம் செய்தால், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்துளைகள் அதில் திறக்கின்றன. இதனை ஊக்கமூட்டிய கரி என்பார்கள். நல்ல சிரட்டைக் கரியில் ஒரு கிராம் எடுத்து, அதன் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர் பரப்பு வரும்! நீரில் கரைந்திருக்கும் மருந்து இச்சுவர்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. முதல் உலக யுத்தத்தில் நச்சு வாயுவைத் தடுக்கும் முகமூடிகளிலும் சிரட்டைக் கரி உபயோகமாயிற்று.

இது ஆராய்ச்சிச் சாலையோடு நின்றுவிட்ட விஷயமுமன்று. சுவிட்சர்லாந்து நாடு 2016 முதல் அமலான சட்டத்தின்படி, தனது முக்கியமான கழிவு நீர் நிலையங்களில் மருந்து முதலிய நுண்ணிய மாசுகளை எடுக்க, ஓசோன் வாயுவையோ ஊக்கமூட்டிய கரியையோ கையாண்டு வருகிறது.

எந்தெந்தக் கழிவு உதவும்?

நமது ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூரார் முதலில் கச்சாங் பூத்தேயைத்தான் நினைப்பார்கள். அந்தக் கடலையின் தோடு, நெல் உமி, செம்பனைக் கொட்டையின் ஓடு, ஒரு காலத்தில் தோட்டங்களில் பால் மங்காகக் கட்டிய சிரட்டை ஆகிய யாவும் இவ்வேலைக்கு உதவுவன. நமக்கு வடக்கே நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில், தேங்காய் மட்டை, செம்பனை நார் முதலியவற்றைக் கரியாக்கிச் சாயக் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. உமிக்கரியைப் பக்குவம் செய்து டெட்ராசைக்ளின் என்னும் மருந்தை நீரிலிருந்து எடுக்கும் சோதனையைச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்டனர். சிரட்டைக் கரியின் துளைகள் மிகச் சிறியவை. பருத்த மூலக்கூறுள்ள மருந்துகள் அவற்றுள் எளிதில் நுழையா. ஆகையால் மருந்துக்கு ஏற்றவாறு கரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் விட்டுவிடக் கூடாதவை

வியாபாரிகளாகிய நாம் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் கடை நிலைக்குமா? இதிலும் அப்படியே.

முதலாவது: கரி மருந்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக் கொள்கிறது. ஒருவர் கடனை மற்றொருவர் பெயருக்கு மாற்றி எழுதினால் கடன் தீர்ந்ததாகாது. நிறைந்த கரியை உயர்ந்த வெப்பத்தில் எரிக்கவோ மறுபடி பக்குவம் செய்யவோ வேண்டும். குப்பை மேட்டில் கொட்டினால் பிடித்தது மீண்டும் கசியக் கூடும்.

இரண்டாவது: ஆராய்ச்சிச் சாலையில் தெளிந்த நீரில் ஒரு மருந்தை மட்டும் கரைத்துச் சோதிக்கிறார்கள். உண்மையான கழிவு நீரில் ஆயிரம் அழுக்குகள் அதே துளைகளுக்குப் போட்டியிடுவதால், கரி சீக்கிரம் நிறைந்துவிடும்.

மூன்றாவது: மலிவு என்பது நிரந்தரமன்று. முன்பு கேட்பாரற்றுக் கிடந்த செம்பனை ஓடு, பிற்பாடு ஜப்பானின் மின்சார நிலையங்களுக்கு எரிபொருளாகக் கப்பலேறியது. வாங்குவோர் வந்துவிட்டால் கழிவும் சரக்காகிவிடும்.

நான்காவது: கரி சுடும் முறையும் சுத்தமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கத்தில், சிரட்டையைக் குழியில் எரித்து நீரூற்றி அணைப்பதால் கிணற்று நீர் கெடுகிறது என்று விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள். ஒரு நீரைச் சுத்தம் செய்ய மற்றொரு நீரைக் கெடுப்பது என்ன நியாயம்?

நாம் செய்யத்தக்கது

அடுப்புக் கரியைப் பானையில் போட்டு வடிகட்டிக் குடித்தால் போதும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது பக்குவம் செய்யாத கரி. மேலும் கரி மருந்தைப் பிடிக்குமே அன்றிக் கிருமியைக் கொல்லாது. ஊரில் தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளிய வைப்பார்கள். அதனால் சேறு அடியில் படியும். கரைந்த மருந்து படியாது.

ஆலையும் நிலையமும் செய்ய வேண்டியதை அவர்கள் செய்யட்டும். நம் கையில் இருப்பவை சில உண்டு. டாக்டர் சீட்டில்லாமல் கிருமிக்கொல்லி மருந்தைக் கேட்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. டாக்டர் சொன்னபடியே உண்ண வேண்டும். மீதியைக் கால்வாயிலோ கக்கூஸிலோ கொட்டாமல், அரசாங்க ஆஸ்பத்திரி அல்லது கிளினிக்கின் மருந்துப் பிரிவில் ஒப்படைக்கலாம். அங்கே வாங்கிக் கொள்கிறார்கள். நமது கல்லாப் பெட்டியில் இருந்தவற்றை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்து நிமிஷ வேலைதான்.

சகோதரர்களே! கரி பிடிக்கத் தவறியதை ஆறு சுமக்கிறது. ஆறு சுமப்பது ஒரு நாள் நம் வீட்டுப் பெரியவர் காலுக்கோ, நம் குழந்தையின் காய்ச்சலுக்கோ திரும்பி வரலாம். உங்கள் வீட்டு அலமாரியையும் கடைப் பெட்டியையும் இன்றே திறந்து பாருங்கள். வஸ்ஸலாம்.