ஒரே மோடம், எல்லோருக்கும் ஃபேக்ஸ்!

அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஃபேக்ஸ் லைன் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோடம் வேண்டுமா? தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டரை ஃபேக்ஸ் சர்வராக மாற்றினால் போதும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது, லினக்ஸில் இயங்கும் ஹைலாஃபேக்ஸ் என்னும் இலவச சாஃப்ட்வேர்.

1. 'கிளாஸ் 1' அல்லது 'கிளாஸ் 2' ஃபேக்ஸ் வசதியுள்ள மோடத்தை சர்வரில் இணையுங்கள்.

2. சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, 'ஃபேக்ஸ்செட்டப்', 'ஃபேக்ஸ்ஆட்மோடம்' ஆகிய கட்டளைகளை இயக்குங்கள். கேட்கும் விவரங்களைக் கொடுங்கள்.

3. 'ஃபேக்ஸ்ஆட்யூசர்' கட்டளை மூலம் ஊழியர்களைப் பதிவு செய்யுங்கள்.

4. மற்ற கம்ப்யூட்டர்களில் யாஜ்எச்எஃப்சி போன்ற புரோகிராமை நிறுவி, சர்வரின் ஐ.பி. முகவரியையும் 4559 என்ற போர்ட் எண்ணையும் தாருங்கள்.

இனி யார் அனுப்பினாலும் ஃபேக்ஸ் வரிசையில் நின்று செல்லும். எதிர்முனை பிஸியாக இருந்தால் சர்வரே மீண்டும் முயலும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, வரும் ஃபேக்ஸ் பற்றித்தான். மருத்துவ அறிக்கையோ வங்கிக் கடிதமோ எல்லோர் கண்ணிலும் படக்கூடாது அல்லவா? 'ஃபேக்ஸ்டிஸ்பேட்ச்' என்னும் ஃபைலில் உரியவரின் இமெயில் முகவரியைக் குறிப்பிட்டால், ஃபேக்ஸ் அவருக்கு மட்டும் இமெயிலில் செல்லும்; அதை பி.டி.எஃப். ஆக அனுப்பும்படியும் அமைக்கலாம். வந்த ஃபேக்ஸின் பிரதி சர்வரிலும் இருக்கும். எனவே அதற்கு நல்ல பாஸ்வேர்ட் கொடுங்கள்.

உங்கள் தொலைபேசி இன்டர்நெட் வழியாக வருகிறதா? ஃபேக்ஸ் பாதியில் அறுந்து போகலாம். 'டி.38' வசதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.