கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது!

ஏவுகணை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நெருப்பும் புகையும்தான். ஆனால் அதில் பெரிய கஷ்டம் வேறு. ஆயிரக்கணக்கான பாகங்களை வேற வேற ஊரில், வேற வேற ஆட்கள் செய்வார்கள். கடைசியில் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி வேலை செய்ய வேண்டும். இதைத் திட்டம் போட்டு நடத்துகிற படிப்புக்கு 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று பெயர். ஒரு சக்கரம் சிக்கினால் மொத்தத் தேரும் நின்னுடுதுல்ல? அதே மாதிரிதான்.

1983-ல் பிரித்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்ற ஐந்து ஏவுகணைகளுக்கு நமது அரசு 388 கோடி ரூபாய் ஒதுக்கியது. தலைவர், நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்றுதான் விஞ்ஞானிகள் கேட்டார்கள். சேர்த்தே செய்யுங்கள் என்று சொன்னவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன். கேட்டால் அவசரம் மாதிரி தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு உதவியது. முதல் அக்னியின் இரண்டாம் அடுக்கு பிரித்வியிலிருந்து வந்தது. முதல் அடுக்கு எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மோட்டார்.

அந்த எஸ்.எல்.வி-3க்கு ஒரு சோகக் கதை உண்டு. அதற்கும் கலாம்தான் தலைவர். 10.8.1979 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. இரண்டாம் அடுக்கில், ராக்கெட்டைத் திருப்பும் கருவிக்கு வைத்திருந்த அமிலம் கசிந்தது. மிச்சம் இருப்பதே போதும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கலாம் கம்ப்யூட்டர் பேச்சைத் தள்ளிவிட்டு ஏவச் சொன்னார். 317 நொடியில் எல்லாம் முடிந்து வங்கக்கடலில் விழுந்தது. காரணம் என்ன தெரியுமா? வால்வில் தூசி! அவ்வளவு பெரிய ராக்கெட்டை இத்தனூண்டு தூசி கவிழ்த்துவிட்டது.

பத்து வருஷம் கழித்து ஒடிசாவில் சாண்டிப்பூர். 20.4.1989 அன்று அக்னி கிளம்ப 14 நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. இந்தத் தடவை நிறுத்தினார்கள். மே 1-ம் தேதி 10 நொடி இருக்கும்போது மறுபடியும் அதே குரல். மறுபடியும் நிறுத்தினார்கள். பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டுக் கிண்டல் பண்ணின. நாடே பார்க்கும்போது "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல ரொம்ப தைரியம் வேணும். ஏவுவதைவிட அதுதான் கஷ்டம் என்பேன். பழுதான பாகத்தைச் சரிசெய்து 22.5.1989 காலை 7.10-க்கு ஏவினார்கள். அக்னி சீறிப் பாய்ந்தது!

ஐந்தில் திரிசூல் கடைசிவரை படையில் சேரவே இல்லை. அந்தக் கதை அடுத்த இதழில்.