பள்ளிப் படிப்பும் பிழைப்பும்: நடுவில் உள்ள படிக்கட்டு



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நமது வியாபாரக் குடும்பங்களில் ஒரே விதமான பேச்சு எழுகிறது. பிள்ளை நல்ல புள்ளிகள் பெற்றிருந்தால், "பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவோம்" என்கிறோம். புள்ளிகள் குறைந்திருந்தால், "கடையில் வந்து உட்காரட்டும்" என்கிறோம். கடையில் உட்கார விருப்பமில்லாத பிள்ளை சில மாதங்கள் சும்மா திரிகிறான். பிறகு கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குக் கூலி வேலை தேடிப் போகிறான். பெண் பிள்ளையின் நிலை இதைவிடப் பரிதாபம். அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழாமலே அந்த ஆண்டு கழிந்து விடுகிறது.

பல்கலைக்கழகம், கடை ஆகிய இவ்விரண்டு வழிகளுக்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று நமது ஜொகூர் மாநிலத்திலேயே திறந்து கிடக்கிறது. அது பள்ளியில் தொடங்கி, சமூகக் கல்லூரி வழியாக, ஒரு தொழிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் படிகள் எவை, அவை எந்த இடத்தில் அறுந்து போகின்றன, அறுந்த இடத்தை இணைக்கும் சக்தி யாரிடம் உள்ளது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கைத்தொழில் இழிவன்று

கைத்தொழில் கற்பது புத்தி குறைந்த பிள்ளைகளுக்கு உரியது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த எண்ணம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. நபி தாவூத் (அலை) அவர்கள் இரும்பைக் கொண்டு போர்க் கவசங்கள் செய்தார்கள். நபி ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தார்கள். அல்லாஹ்வின் தூதர்களே கையால் உழைத்து உண்டிருக்க, நம் பிள்ளை குளிர்சாதனம் பழுதுபார்க்கக் கற்பதில் என்ன குறைவு?

வியாபாரிகளுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று கூறுவோரும் உண்டு. நமது சரித்திரம் அதைப் பொய்யாக்குகிறது. திருச்சிராப்பள்ளியில் 1951-ஆம் ஆண்டு ஜமால் முகமது கல்லூரியை ஏற்படுத்திய ஹாஜி ஜமால் முகமது சாகிப் அவர்களும் காஜாமியான் ராவுத்தர் அவர்களும் வியாபாரிகளே. உத்தமபாளையத்தில் 1956-ஆம் ஆண்டு ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்கள் தம் பெயரால் வழங்கும் கல்லூரியை நிறுவினார்கள். நமக்கு அடுத்த வீடாகிய சிங்கப்பூரில் 1946-ஆம் ஆண்டு கடையநல்லூர் மக்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதற்குள் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வழி என்றாகி, பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பலாயினர். கட்டடமும் நல்லெண்ணமும் மட்டும் ஒரு கல்வி நிலையத்தைக் காக்கமாட்டா. கல்வியின் மறுமுனை பிழைப்பில் சென்று சேர வேண்டும் என்பது இதில் நமக்குள்ள படிப்பினை.

சமூகக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று ஏற்பட்டது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே மேற்படிப்புப் பெறுவதற்கு அது வழி செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-ஆம் ஆண்டு, அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை இத்தகைய கல்லூரிகளுக்குச் சமூகக் கல்லூரி என்னும் பெயரைப் பரவச் செய்தது. தமிழ்நாட்டிலும் 1996-ஆம் ஆண்டு சென்னையில் இவ்வகைக் கல்லூரி தொடங்கியது.

மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு அமைச்சரவை இத்திட்டத்துக்கு அனுமதி தந்தது. 2001-ஆம் ஆண்டு முதல் தொகுதிக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மலாயில் இவற்றைக் கொலேஜ் கொமுனிட்டி என்பர். நமது மாநிலத்தில் சிகாமாட், லேடாங், பத்து பஹாட், பாசீர் கூடாங், பண்டார் பெனாவார் முதலிய இடங்களில் இவை இருக்கின்றன. நம்மவர் கடை வைத்திருக்கும் பல ஊர்களிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்.

இவை அரசாங்கக் கல்லூரிகள். தனியார் கல்லூரிகள் வாங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இங்கே கட்டணம் மிகவும் சொற்பம். சமையற்கலை, ரொட்டி கேக் தயாரிப்பு, மின்சார இணைப்பு, குளிர்சாதனம், மோட்டார் வண்டி பழுது, தையல், கணக்கியல், கணினி முதலிய துறைகள் நாடெங்கும் உள்ள இக்கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. கல்லூரிக்குக் கல்லூரி துறைகள் மாறும். வேலை பார்ப்போரும் இல்லத்தரசிகளும் சேர்ந்து பயிலக் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு.

படிகள் ஐந்து

முதற்படி பள்ளி. எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை பாடங்களில் சிறப்புப் பெற்றாலும், மலாய் மொழியிலும் சரித்திரத்திலும் தேறாதவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. சரித்திரம் 2013-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு கட்டாயமாயிற்று. ஆகையால் பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே இவ்விரு பாடங்களையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். கைத்தொழிலில் முன்னமே நாட்டமுள்ள பிள்ளைக்கு மூன்றாம் படிவத்துக்குப் பின் கொலேஜ் வொகேஷனல் என்னும் தொழிற்கல்லூரி வழியும் உண்டு.

இரண்டாம் படி விண்ணப்பம். அரசாங்கப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகிய மூன்றுக்கும் யு.பி.யு. என்னும் ஒரே மையத்தின் வழியாக விண்ணப்பம் செய்யலாம். விண்ணப்பத்துக்குக் கெடு நாள் உண்டு. அந்த நாள் கடந்துவிட்டால் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ வீணாகும்.

மூன்றாம் படி கல்லூரி. சமூகக் கல்லூரிச் சான்றிதழ்ப் படிப்பு வழக்கமாக நான்கு பருவங்கள் கொண்டது. இது நாட்டின் தகுதி வரிசையில் மூன்றாம் நிலை. டிப்ளோமா நான்காம் நிலை. பட்டம் ஆறாம் நிலை.

நான்காம் படி பட்டறைப் பயிற்சி. மாணவர் படிப்பின் ஒரு பகுதியை வெளியே ஒரு நிறுவனத்தில் வேலை பழகிக் கழிக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

ஐந்தாம் படி வேலை, அல்லது மேற்படிப்பு. சான்றிதழ் பெற்றவர் உடனே வேலைக்குப் போகலாம். தகுதி பெற்றவர் பாசீர் கூடாங்கிலுள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் போன்றவற்றில் டிப்ளோமா படிக்கலாம். அதன் பின் பத்து பஹாட் மாவட்டத்திலுள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெறலாம். அந்தப் பல்கலைக்கழகமே 1993-ஆம் ஆண்டு பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையமாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 2007-ஆம் ஆண்டு பல்கலைக்கழகமானது. ஆகவே சமூகக் கல்லூரியில் சேர்ந்தவனுக்குப் பட்டப் படிப்பின் கதவு அடைபட்டது என்று எண்ணுவது தவறு.

படிக்கட்டு எங்கே அறுகிறது?

சென்னையிலிருந்து சரக்கு கப்பலேறிப் பாசீர் கூடாங் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. அங்கிருந்து கடைக்குக் கொண்டுவர லாரி இல்லை. சரக்கு நல்லது, கப்பலும் நல்லது; ஆனால் முதலாளிக்கு நஷ்டம். நமது பிள்ளைகள் விஷயத்திலும் நஷ்டம் இவ்வாறே வருகிறது. பள்ளியும் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றோடு சேர்க்கும் இடத்தில்தான் குறை.

முதல் அறுப்பு, தேர்வு முடிந்து விண்ணப்பம் முடியும் வரையுள்ள மாதங்களில். "சும்மாதானே இருக்கிறாய், கடைக்கு வா" என்று அழைக்கிறோம். கையில் சம்பளம் வந்ததும் பிள்ளைக்குப் படிப்பின் மேல் நாட்டம் போய்விடுகிறது.

இரண்டாம் அறுப்பு, துறையைத் தேர்ந்தெடுப்பதில். நண்பன் சேர்ந்தான் என்று தானும் சேருகிற பிள்ளைகள் பலர். நமது மாநிலத்தில் எந்த வேலைக்குத் தேவை இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? மூவாரில் மேசை நாற்காலித் தொழில் சிறந்திருக்கிறது. பாசீர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலப்பாசிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. கூலாய்ப் பக்கம் எழும்பியுள்ள கணினித் தரவு நிலையங்களுக்கு மின்சாரமும் குளிர்சாதனமும் அறிந்தவர்கள் வேண்டும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் தேதி ஒப்பந்தம் செய்தன. இதனால் வரும் வேலைகள் தேர்ச்சியும் சான்றும் உடையவரையே முதலில் தேடும்.

மூன்றாம் அறுப்பு, பட்டறைப் பயிற்சிக்கு இடம் தேடுவதில். அறிமுகமில்லாத பிள்ளை நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குகிறான். கிடைத்த இடத்தில் தேநீர் வாங்கி வருவதும் காகிதம் நகலெடுப்பதுமாகக் காலம் போய்விட்டால் அவன் கற்றது என்ன? மூன்று அறுப்புகளிலும் இதுவே பெரிது. இதை இணைக்கும் சக்தி வேறு யாரிடமும் இல்லை. கடை வைத்திருக்கும் நம்மிடமே இருக்கிறது.

கடையும் ஒரு கல்விச்சாலை

நமது முன்னோர் பையனாகக் கடைக்கு வந்து, எடுபிடி வேலை செய்து, சரக்குக் கட்டக் கற்று, பற்று வரவு எழுதப் பழகி, கடைசியில் தனிக் கடை வைத்தார்கள். அது நல்ல பயிற்சியே. ஆனால் அதற்குக் காகிதச் சாட்சி இல்லை. இருபது ஆண்டு அடுப்படியில் நின்று கைதேர்ந்த ரொட்டி மாஸ்டரும், கடையை விட்டு வெளியே வந்தால், சான்றிதழ் கேட்கும் இடத்தில் தொழில் தெரியாதவராகவே மதிக்கப்படுகிறார். இது நியாயமா?

இக்குறையைத் தீர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசியத் தொழில் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006-ஆம் ஆண்டு நிறைவேறியது. அதன்படி சிஜில் கெமாஹிரான் மலேசியா என்னும் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர் தமது வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால், வகுப்பில் உட்காராமலே இச்சான்றிதழைப் பெறலாம். நமது மூத்த சிப்பந்திகளுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரங்களில் இது ஒன்று.

இரட்டைப் பயிற்சி முறையும் உண்டு. ஜெர்மனி தேசத்தைப் பின்பற்றி 2005-ஆம் ஆண்டு இந்நாட்டில் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர் தம் காலத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை வேலையிடத்திலும், எஞ்சியதைப் பயிற்சி நிலையத்திலும் கழிக்கிறார். முதலாளி ஒப்பந்தம் செய்து உதவித்தொகை கொடுக்கிறார். முடிவில் பயிற்சியாளருக்குத் திறன் சான்றிதழ் கிடைக்கிறது. நமது பழைய கடைப்பையன் முறைதான் இது. காகிதச் சாட்சி ஒன்று கூடியிருக்கிறது.

சட்டத்தில் குறித்த துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள நிதிக்கு லெவியாகச் செலுத்துகிறார்கள். அப்பணத்தைத் தொழிலாளர் பயிற்சிக்காகத் திரும்பக் கோரலாம். கோராமல் விட்டால், நமது பணம் நமக்கே பயன்படாமல் போகிறது.

இரண்டு ஆட்சேபணைகள்

"பிள்ளை கல்லூரிக்குப் போனால் கடையை யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் கணக்கியல் படித்த மகள் கடையின் வரிக் கணக்கைச் சரிவர வைப்பாள். சமையற்கலை படித்த மகன் உணவகத்தின் சுகாதாரத்தைப் பேணுவான். உணவு கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளே கூறுகின்றன. ஆள் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் அந்நிய தேசத் தொழிலாளரை எதிர்பார்க்கும் நாம், நம் வீட்டுப் பிள்ளையைத் தயார் செய்யாதது ஏன்?

"சிங்கப்பூரில் இன்றே நல்ல சம்பளம் கிடைக்கிறதே" என்பார்கள். உண்மைதான், வெள்ளி மதிப்பின் வித்தியாசம் பெரிது. அங்கே போவதை நாம் தடுக்கவில்லை. தொழிலும் சான்றும் கையில் கொண்டு போகட்டும் என்கிறோம். உடலுழைப்பை மட்டும் விற்பவனுக்கு உடல் தளரும்போது விலை குறையும். தொழில் கற்றவனுக்கு அனுபவம் ஏற ஏற மதிப்பும் ஏறும்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. சான்றிதழ் வேலைக்கு ஜாமீன் அன்று. மின்சார இணைப்பு வேலையைச் சொந்தப் பொறுப்பில் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றும் வேண்டும். பிள்ளை சேரும் துறையில் கல்லூரிக்குப் பின் இன்னும் என்ன அனுமதி தேவை என்பதை முன்பே விசாரித்து அறிதல் அவசியம்.

நமது கடமை

வியாபாரிகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது பயிற்சி இடம் தர முன்வர வேண்டும். எடுபிடி வேலைக்காக அல்ல. கணக்கு, கொள்முதல், சமையல், பழுதுபார்ப்பு என்று உள்ள தொழிலைக் கற்பிக்கவே தர வேண்டும். எந்தக் கடையில் எத்தனை இடம் உண்டு என்ற பட்டியலைச் சங்கம் வைத்திருந்து, கல்லூரிகளுக்கு அனுப்பலாம். தேர்வு முடிந்த வாரத்திலேயே ஜும்ஆவுக்குப் பின் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டி, விண்ணப்பம் செய்ய உதவலாம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. மனமும் சில மணி நேரமும் போதும்.

வீட்டில் கலந்து பேச வேண்டிய வினாக்கள்

1. நம் பிள்ளைக்கு எந்த வேலையில் கை நன்றாக ஓடுகிறது? அவனையே, அவளையே கேட்டோமா?
2. நமக்கு அருகிலுள்ள சமூகக் கல்லூரி எது? அங்கே என்னென்ன துறைகள் உண்டு?
3. நம் கடையில் பல்லாண்டு உழைக்கும் சிப்பந்திக்குத் திறன் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா?
4. அடுத்த ஆண்டு எத்தனை மாணவருக்கு நம் கடையில் பயிற்சி தரலாம்?

முன்னோர் கல்லூரிகளையே கட்டினார்கள். நம்மைக் காலம் கட்டடம் கேட்கவில்லை. கடையின் கதவை ஒரு மாணவனுக்குத் திறக்கும்படியே கேட்கிறது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் அருள்வானாக! ஆமீன்.