கம்பெனி வேனும் முதலாளி காரும்

கேள்வி: அன்னூரிலிருந்து தினமும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போகிறோம். சென்சஸில் எங்கள் பயணம் ஏறியிருக்குமா? (வாசகர், அன்னூர்)

பதில்: பயணம் ஏறியிருக்கும், போகிற ஊர் ஏறியிருக்காது. 2011 கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். கோவையா திருப்பூரா என்று கேட்கவில்லை.

அதைவிட வேடிக்கை, கார், ஜீப், வேன் மூன்றுக்கும் அட்டவணையில் ஒரே கட்டம். தையல்காரர்களை அடைத்துக்கொண்டு போகும் உங்கள் வேனும், முதலாளி தனியாக ஓட்டிவரும் காரும் அதில் ஒன்றுதான். இதை வைத்து ரோட்டில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? விவசாயிகள், பண்ணைக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்களை அந்த அட்டவணையில் சேர்க்கவே இல்லை. மஞ்சள் காட்டுக்கு டெம்போ ஏறும் பெண்கள் கணக்கில் எங்கே வருவார்கள்?

போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் வீடு வீடாகத் தனி சர்வே எடுப்பது இதனால்தான். அடுத்த தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில்.