தன் உருவில் ஆறிய காயம்
(சித்திரக்கதை வாசிப்பு பற்றிய ஒரு பார்வை)

சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளைப் பொழுதைக் கொல்லும் சிறுபிள்ளைப் படங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பறப்பதும் அடிப்பதும் மட்டுமே கண்ணில் பட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஊன்றி வாசிக்கும்போது, இக்கதைகளின் அடியில் "நான் யார்?" என்ற கேள்வி ஓடுவதைக் காணலாம்.

1938ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இரு இளைஞர்களும் அமெரிக்காவில் யூதக் குடியேறிகளின் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். அவர்களின் நாயகனும் வேறோர் உலகத்திலிருந்து வந்தவன். மூக்குக்கண்ணாடி அணிந்து, பெயர் மாற்றி, கூட்டத்தில் ஒருவனாக வாழ்பவன். 1962இல் வந்த ஸ்பைடர்மேனோ பாடசாலை செல்லும் சாதாரணப் பையன். எல்லோருக்கும் இரண்டு பெயர்கள், இரண்டு வாழ்க்கைகள்.

இந்த வரிசையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தவள் கமலா கான். 2014 பெப்ரவரியில் மார்வல் நிறுவனம் 'மிஸ் மார்வல்' என்ற பெயரில் அவளுடைய கதையைத் தனித் தொடராக வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்பும் மார்வல் கதைகளில் முஸ்லிம் பாத்திரங்கள் வந்ததுண்டு. ஆயினும் தன் பெயரிலேயே ஒரு தொடரைப் பெற்ற முதல் முஸ்லிம் பாத்திரம் இவளே. கதையை எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன், சித்திரம் வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. இப்பாத்திரம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான பதிப்பாசிரியர் ஸனா அமானத், நியூ ஜேர்ஸியில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். முதற் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது.

கமலா, ஜேர்ஸி சிட்டியில் வாழும் பதினாறு வயது மாணவி. பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள். ஒரு விசித்திரமான மூடுபனியில் அவளுக்கு உருமாறும் சக்தி கிடைக்கிறது. அப்போது அவள் விரும்புவது என்ன தெரியுமா? தான் வியந்து போற்றும் கரோல் டான்வர்ஸ் என்ற வீராங்கனையைப் போலாவதை! உடனே பொன்னிற முடியும் வெள்ளைத் தோலுமாக மாறிவிடுகிறாள்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். சிறுவயதில் நான் வரைந்த இளவரசிகள் எல்லோருக்கும் மஞ்சள் முடிதான். கறுப்புப் பென்சில் பெட்டியிலேயே கிடந்தது. அப்படி வரையும்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்த படங்களே சொல்லித் தந்தன.

ஆசைப்பட்ட உருவம் கிடைத்தும் கமலாவுக்கு அது சுகமாக இல்லை. சப்பாத்து கடிக்கிறது, முடி முகத்தில் விழுகிறது. அந்த உருவத்தில் இருக்கும்போதே, சற்று முன்னர் விருந்தொன்றில் அவளை இழிவாகப் பேசிய ஸோயி என்ற மாணவி ஆற்றில் விழுந்துவிடுகிறாள். கமலா தயங்காமல் தன் கையைப் பெரிதாக்கி அவளைத் தூக்கிக் காப்பாற்றுகிறாள். அவளை அச்செயலுக்குத் தூண்டுவது, ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் எனக் கூறும் குர்ஆன் வசனம். தந்தை அடிக்கடி எடுத்துச் சொல்லக் கேட்ட வசனம் அது. உருவம் கடன் வாங்கியது. செயலோ வீட்டில் கற்றது.

அடுத்து வரும் சம்பவம் இன்னும் ஆழமானது. நண்பன் புரூனோ வேலை செய்யும் கடையில் ஒரு துப்பாக்கி வெடித்து, கரோலின் உருவில் நிற்கும் கமலா காயப்படுகிறாள். சொந்த உருவுக்குத் திரும்பும்போதுதான் அந்தக் காயம் ஆறுகிறது. அதன்பின் அவள் தன் முகத்தோடேயே போராடத் தொடங்குகிறாள். அவளது வீரஉடை கூட, முஸ்லிம் பெண்கள் நீந்தும்போது அணியும் உடலை மூடிய ஆடையிலிருந்து தைக்கப்பட்டதே. இத்தொடரில் நான் கண்ட மிகச் சிறந்த கருத்து இதுவே. மற்றவர் போலாகி நாம் பலம் பெறலாம். ஆனால் குணம் பெறுவது நாமாக இருக்கும்போதுதான்.

இக்கதையில் வரும் எல்லாவற்றையும் நான் ஏற்பதாக நினைக்க வேண்டாம். தந்தை மறுத்த விருந்துக்கு அவள் இரவில் ஒளித்துப் போகிறாள். வீட்டாரிடம் பலமுறை உண்மையை மறைக்கிறாள். ஆனால் ஆசிரியர் பெற்றோரைக் கொடியவர்களாகக் காட்டவில்லை. பள்ளிவாசலின் ஷெய்க் அப்துல்லாஹ்விடம் அவள் அனுப்பப்படும்போது ஏச்சையே எதிர்பார்க்கிறாள். அவரோ, செய்வதைத் துணிவோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் சுயமரியாதையோடும் செய்யுமாறு அறிவுரை கூறுகிறார். பின்னர் ஒருநாள் தாயிடம் இரகசியத்தைச் சொல்லும்போது, தாய்க்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! மகள் மறைத்ததை அறிந்தும், அவளாகச் சொல்லும்வரை காத்திருந்த அந்தத் தாயும் ஒரு வீராங்கனைதான்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் சித்திரக்கதையைக் கண்டதும் பறித்து வைக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து நான்கு பக்கங்களை நீங்களும் வாசியுங்கள். பிழையெனப் படும் இடங்களைப் பிள்ளையோடு பேசுங்கள். பின்னர், "உனக்கு இந்தச் சக்தி கிடைத்தால் யாருடைய உருவத்தை எடுப்பாய், மகள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலில், அவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியவரும்.